பத்மினி பூட்டாமல் விட்ட சேனல்

செஞ்சியில் மற்ற பெண்களுக்கு மாலை என்பது எட்டு மணி, ஒன்பது மணி வரை இழுத்துக்கொண்டு போகும். பத்மினிக்குச் சூரியன்தான் மேனேஜர். அது மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் உலை வைத்து, குழம்பு இறக்கி, நாலு பேரும் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாருடைய வாயிலும் ஒரு பருக்கை போகாது. ஜைன வீடு. தலைமுறை தலைமுறையாக வந்த நியமம். நியமம் வகுத்த காலத்தில் பெண்கள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கவில்லை என்பதுதான் சிக்கல்.

பத்மினி பார்த்தாள். தாலுகா ஆபீஸ் எதிரில் உள்ள கடை. காலை ஒன்பதரைக்கு மிஷின் முன்னால் நின்றால், "ரெண்டு பக்கமும் போடும்மா", "ஆதார் தெளிவா வரலியே" என்று ஆள் மாற்றி ஆள் கத்திக்கொண்டிருப்பார்கள். ஐந்து மணிக்கு விடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் விளக்கு ஏற்றியாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் காந்தி பஜாரில் காய் வாங்கி, வீட்டுக்கு நடந்து, சமைத்து, பரிமாறி முடிப்பாள். சாப்பிட்டது பசிக்கா, இருட்டுக்குப் பயந்தா என்று அவளுக்கே பல நாள் தெரியாது.

இப்படிச் சீக்கிரம் சாப்பிட்டு முடித்தால் ஒரு தொல்லை உண்டு. அடுத்த வீடுகளில் பிள்ளைகள் தோசையைப் பிய்த்துக்கொண்டே டிவி பார்ப்பார்கள். பாதிக் கவனம் தோசையில் இருக்கும். பத்மினி வீட்டில் ஆறரைக்கே வயிறு நிறைந்துவிடும், கை சும்மா இருக்கும், தூக்கம் வர இன்னும் மூன்று மணி நேரம் கிடக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்கும் டிவிதான் கதி.

முதல் அடி மூத்தவனிடமிருந்து வந்தது. ஜினேஷ், ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அம்மா, மூஞ்சில ஆசிட் ஊத்துனா எவ்ளோ நேரத்துல சாவாங்க?"

எங்கே பார்த்தாய் என்று கேட்டதற்கு டிவியிலேயே இருக்கும் ஒரு ஆப்பைக் காட்டினான். போட்டுப் பார்த்தாள். மூலையில் பதினாறு பிளஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இது பெரியவங்க பாக்குறதுன்னு போட்டிருக்குதே, கண்ணு தெரியல?"

"தெரிஞ்சுதும்மா. அது போட்டிருந்தாத்தான் நல்லா இருக்கும்."

பத்து வயதுப் பையன் சொன்ன இந்த உண்மையை, வயது போட்டு அனுப்புகிறவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மறுநாளே கேபிள்காரர் இளையபெருமாளை வரச் சொன்னாள். அவர் வந்து ரிமோட்டைக் கையில் எடுத்தார். "எந்தெந்தச் சேனலுன்னு சொல்லுங்கக்கா, பூட்டிடலாம். தொறக்குறதுக்கு நாலு நம்பரு வேணும், அதயும் சொல்லுங்க."

நாற்காலியில் இருந்த புருஷன் சம்பவநாதன் முந்திக்கொண்டார். "இருபத்துநாலு, இருபத்துநாலுன்னு வெச்சுடு. மறக்காது."

எப்படி மறக்கும்? தீர்த்தங்கரர்கள் இருபத்துநாலு பேர். காலையில் குளித்துவிட்டு வந்ததும் அத்தனை பெயரையும் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் அந்த மனிதர் காபியைத் தொடுவார். கூடவே நின்று பிள்ளைகளும் சொல்லும். இளையபெருமாள் தெருமுனை திரும்புவதற்குள் ஜினேஷ் பூட்டைத் திறந்துவிட்டான். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான். பத்மினி அவரைத் திரும்பக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாத ஒரு நம்பரைத் தானே அழுத்தினாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குத் தணிக்கை அதிகாரியும் அவளே. சினிமாச் சேனல்கள் பூட்டு. பாட்டுச் சேனல்கள் பூட்டு. சீரியல் சேனல்களும் பூட்டு. மருமகள் பாலில் மாமியார் விஷம் கலக்குவதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்பது ஊர் வழக்கம், அவளுக்கு அது ஒத்துவரவில்லை. ஆப்பில் சின்னப் பிள்ளைகளுக்கான பக்கம் மட்டும் திறக்கும்படி செய்தாள். ஏழு பிளஸ் என்று இருந்தால்கூட முதலில் தான் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். கடையில் நின்று காலும், அடுப்படியில் நின்று இடுப்பும் விட்டுப்போன பிறகு, நரி முயலைத் துரத்தும் கார்ட்டூனைப் பார்த்து அதில் ரத்தம் வருகிறதா என்று சரிபார்க்கும் வேலை. சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

கடைசியாக இளையபெருமாள் கேட்டார். "நியூஸ் சேனல இன்னாக்கா பண்றது?"

"நியூஸ்ல இன்னா கெட்டுப்போவுது? அது இருக்கட்டும். அவரு பாப்பாரு. பசங்களுக்கும் பொது அறிவு வரும்."

சம்பவநாதனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கமிட்டி என்று ஊரார் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், நெல் வாங்கும் ஒரு வியாபாரியிடம் வேலை. அதட்டத் தெரியாது. வீட்டில் வெல்ல டப்பாவில் எறும்பு ஏறினால் யாரும் தட்டக் கூடாது. டப்பாவைத் திறந்து வெயிலில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இறங்கிப் போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தரையில் வரிசையாகப் போனால் மயிலிறகால் ஓரமாக ஒதுக்குவார். வண்டி எடுக்குமுன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்ப்பார். "நைனாரு எறும்புக்கு ஆரன் அடிச்சுட்டுத்தான் வண்டி எடுப்பாரு" என்று, ஜைனருக்குரிய நைனார் பட்டத்தைச் சொல்லி, கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். சின்னவள் ஜினிஷாவுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள், நைனா என்றால் உயிர். காலையில் பள்ளிக்கூடத்துக்கு நைனாவின் வண்டி, சாயங்காலம் நைனாவின் மடி.

சாப்பிட்டானதும் அவர் நியூஸ் போடுவார். போட்ட கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்துவிடும். யாராவது டிவியை நிறுத்தினால் உடனே கண்ணைத் திறந்து, "பாத்துக்கினுதானே இருக்கேன்" என்பார். அதனால் யாரும் நிறுத்துவதில்லை. பத்மினி பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பாள். ஜினேஷ் வீட்டுப்பாடம் எழுதுவான். ஜினிஷா நைனா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். புருஷனும் நியூஸும் காவல் இருக்கும்போது பிள்ளையைப் பற்றி என்ன கவலை என்று பத்மினி நிம்மதியாகத் தேய்ப்பாள். ஒரு நாளில் அவளுக்குக் கிடைக்கும் நிம்மதியே அந்த நேரம்தான்.

கார்த்திகை பாதியில் ஒருநாள் காலை, ஜினிஷா வண்டியில் ஏறமாட்டேன் என்றாள்.

அடம் என்று நினைத்தார்கள். சம்பவநாதன் தூக்கி உட்கார வைக்கப் போனார். பிள்ளை அலறிய அலறலில் எதிர்வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். பத்மினி கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனாள். மறுநாளும் அப்படியே. அதன்பின் நைனா கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. நைனா பக்கத்தில் படுக்கவில்லை. சுவரோரம் அண்ணனுக்கு அந்தப் பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டாள். நைனா வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து அடுப்படிக்கு வந்து அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

"நான் இன்னா பண்ணேன் இவள?" என்று சம்பவநாதன் கேட்டார். கேட்டவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

கடையில் கூட வேலை பார்க்கும் அமலாவிடம் பத்மினி இதைச் சொன்னாள். அமலா நல்லவள்தான். மிஷின் சத்தத்துக்கு நடுவில் காதருகே வந்து சொன்னாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. காலம் கெட்டுக் கெடக்குது. பொம்பளப் புள்ள இப்பிடி ஒருத்தரப் பாத்துப் பயந்தா, சும்மா விடக்கூடாது. வெளியாளுன்னு மட்டும் பாக்காதீங்க."

"அடிப்பாவி, பெத்த நைனாடி."

"நான் இன்னா சொல்லிட்டேன்? டிவில தெனம் காட்டுறானே, நீங்க பாக்குறதில்லியா?"

பத்மினி பார்த்திருக்கிறாள். பாத்திரம் தேய்த்த கையைத் துடைத்தபடி கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். அமலா சொன்னது அபத்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று வீட்டுக்கு நடந்த நடையில் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டாள். எப்போதெல்லாம் இவள் அவரோடு தனியாக இருந்தாள்? தான் போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போயிருந்தபோது வீட்டில் யார் யார்? பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றித்தான் இப்படி யோசிக்கிறோம் என்று நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. ஆனால் அருவருப்பு ஒருபக்கம் இருந்தது, யோசனை ஒருபக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

அதன்பின் அவள் புருஷனைக் கண்காணித்தாள். கடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள். குளிக்கப் போனால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். பாத்திரத்தைப் பின்கட்டில் தேய்க்காமல், கூடம் தெரிகிற இடத்தில் போட்டுத் தேய்த்தாள். மேல்சித்தாமூர் ஜைனக் கோயிலுக்குப் பாப்பாவை ஒரு நடை கூட்டிப்போய் வருகிறேன், பயம் தெளியும் என்று சம்பவநாதன் சொன்னபோது, "வேணாம், நானும் வர்றப்போ போலாம்" என்றாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகவே போய்விட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பின்வாசல் படியில் உட்கார்ந்து பத்மினி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சுவரில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. ஜினிஷா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, நைனா ஏன் எறும்பக் கொல்ல மாட்டாரு?"

"பாவம்டி. அதுக்கும் உசிரு இருக்குதில்ல?"

"அந்த நைனாவும் கொல்ல மாட்டாரு."

"எந்த நைனா?"

"டிவில வந்தவரு. எறும்புக்குக்கூடக் கெடுதல் நெனைக்காதவருன்னு அவரு பக்கத்து வீட்டு அக்கா டிவில சொன்னாங்க. கடைக்காரரும் சொன்னாரு. அப்பறம் அவரு பாப்பாவ வண்டில கூட்டிக்கினு போயி, கெணத்துல தள்ளிட்டாரு."

பத்மினி பின்னலை விட்டுவிட்டு மகளைத் தன் பக்கம் திருப்பினாள். "எப்பம்மா பாத்த?"

"நைனா பக்கத்துலதான். நைனா தூங்கிட்டாரு. எனக்கு எழுந்து வர பயமா இருந்துது. எழுந்தா நைனா முழிச்சுக்குவாரு."

ஏழு மணிக்கு நியூஸ் சேனலில் வருகிற குற்ற நிகழ்ச்சி அது. நடந்ததை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுவார்கள். பின்னால் கனத்த குரலில் ஒருவர், எறும்புக்கும் தீங்கு நினைக்காத அந்தத் தந்தைக்குள் ஒளிந்திருந்த மிருகம் எது என்று கேட்பார். கேட்கிறவருக்கு அது ஒரு தாளிப்பு; கதை மணக்க வேண்டுமென்று போடுவது. வேறு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அது காதில் விழுந்திருக்காது. யாருடைய அப்பா எறும்புக்கு வழிவிட்டு வண்டி எடுக்கிறார்? ஜினிஷாவுக்கு மட்டும் அது அங்க அடையாளம். எறும்பைக் கொல்லாத நைனா, வண்டி வைத்திருக்கும் நைனா, பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பத்மினி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைக்காக அழுதது பாதிதான். மீதி, அப்பாடா என்று அழுத அழுகை.

சம்பவநாதனிடம் சொன்னாள். மகள் சொன்னதை மட்டும் சொன்னாள். தான் நினைத்ததைச் சொல்லவில்லை. "என்னப் பாத்தா பயந்துது?" என்றார் அவர். பிறகு, "பாவம், எத்தினி நாளு பயந்துக்கினு இருந்துதோ" என்று பிள்ளைக்காக வருத்தப்பட்டார்.

இளையபெருமாள் வந்து நியூஸ் சேனல்களையும் பூட்டினார். "ஏன் தம்பி, இதுக்கெல்லாம் ஒரு வயசு போடக்கூடாதா?" என்று பத்மினி கேட்டாள்.

"கதைன்னாத்தான் வயசு போடுவாங்கக்கா. நடந்ததுன்னு சொல்லிட்டா அதுக்கேது வயசு?"

எங்காவது புகார் சொல்லலாமா என்று கேட்க நினைத்தாள். யாரிடம், எப்படி, எத்தனை நடை என்று யோசித்ததுமே அலுத்துவிட்டது. அடுப்பில் பருப்பு வேறு பொங்கிக்கொண்டிருந்தது.

பயம் பூட்டுப் போட்டதும் போகவில்லை. ஒருநாள் கார்ட்டூன் நடுவில் பெயிண்ட் விளம்பரம் வந்தது. அந்தக் கொலைகார நைனாவாக நடித்தவரேதான், சட்டையில் பெயிண்ட் பட, ஒரு சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கிவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் கண் அகலமானதைப் பார்த்துத்தான் பத்மினிக்கே விளங்கியது. நல்ல சமயம் வாய்த்தது என்று நினைத்தாள்.

"பாத்தியா, அவருதானே? சும்மா நடிக்கிறாருடி. யாரையும் கெணத்துல தள்ளல. இங்க பாரு, எவ்ளோ ஆசையா தூக்கி வெச்சுக்கினு இருக்காரு."

ஜினிஷா அந்தப் பெண்ணையே பார்த்தாள். "இந்தப் பாப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

பத்மினி டிவியை நிறுத்தினாள். அன்றைக்கு நிறுத்தியதை அப்புறம் யாரும் போடவில்லை. ஜினேஷ் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு மாடிக்குப் போய்ப் பந்து அடித்தான். சம்பவநாதன் மாலையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மகளைக் கூப்பிடவில்லை, தொடவில்லை. தானாக வரட்டும் என்றார். மெல்ல மெல்ல, நைனா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். வண்டியில் மட்டும் ஏறவில்லை.

மார்கழி அமாவாசை அன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் கிளம்பிவிட்டது. சிறப்புப் பஸ்களும் வேன்களும் பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை அடைத்துக்கொண்டு நின்றன. கடையிலும் அன்று தள்ளுமுள்ளு. சீக்கிரம் கிளம்பியும் பத்மினியால் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. கேட்டில் வாட்ச்மேன் தைலம்மாள் மட்டும் நின்றிருந்தாள்.

"உம் பொண்ணா? எல்லாப் புள்ளிங்களும் போயிடுச்சு, அது ஒண்ணுதான் நின்னுக்கினு இருந்துது. அவுங்க நைனா வந்தாரு. அதுவே போயி வண்டில ஏறிக்கினு போயிடுச்சு."

சந்தோஷப்பட வேண்டிய சேதி. எத்தனை நாளாகக் காத்திருந்த சேதி. ஆனால் பத்மினியின் கால்கள் ஓட ஆரம்பித்தன. எல்லாம் டிவியால் வந்தது, அந்த மனுஷன் ஒரு பாவமும் அறியாதவர் என்று மனசுக்குத் தெரிந்திருந்தது. கால்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பஸ்களுக்கு நடுவில் புகுந்து ஓடினாள். ஒரு வேன் டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினான். செருப்பு அறுந்தது, அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டு வாசற்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜினிஷா முறுக்கைக் கடித்துக்கொண்டு, வகுப்பில் எவளோ ஒருத்தி ரப்பரை மூக்கில் நுழைத்துக்கொண்ட கதையை நைனாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்மினி நேராகப் போய் மகளை இழுத்து நிறுத்தினாள். கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கவுனைத் திருப்பிப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள்.

"ஏம்மா ஓடி வந்த?" என்றாள் ஜினிஷா. "நைனாதானே கூட்டிக்கினு வந்தாரு."

அப்போதுதான் பத்மினி புருஷனைப் பார்த்தாள். அவர் அவளுடைய வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு அவள் லீவு போட்டது, பாத்திரத்தைக் கூடத்துக்கு எதிரே போட்டுத் தேய்த்தது, கோயிலுக்கு வேண்டாம் என்றது எல்லாம் அவருக்கு இப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்ததா, முன்பே தெரிந்துதான் பேசாமல் இருந்தாரா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீ உள்ள போயி தண்ணி குடிம்மா" என்று மகளை அனுப்பினார். அது உள்ளே போகும்வரை காத்திருந்தார். அவர் குரல் எப்போதும்போல் தாழ்ந்துதான் இருந்தது.

"பாப்பா பயந்தது தப்பில்ல, பத்மினி. அதுக்கு ஆறு வயசு." அவளுடைய வெறுங்காலை மறுபடி பார்த்தார். "உனக்கு?"

பத்மினிக்கு முப்பத்தாறு முடிந்து முப்பத்தேழு நடக்கிறது.